ஆண் பனைய காய்க்காத மரம்னு வெட்டாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தூத்துக்குடி மாவட்டம், சாத்தான்குளத்துக்கும் உடன்குடிக்கும் நடுவுல இருக்குற ஒரு கிராமத்துக்காரி. அரசுப் பள்ளியில அறிவியல் டீச்சரா இருக்கேன். எங்கப்பா பனையேறி, அம்மா விடிலியில, அதான் பதனி காய்ச்சுற ஓலைக் குடிசையில, கருப்பட்டி காய்ச்சினவங்க. உங்க பேப்பர்ல பனை விதை நடவு பத்தி செய்தி வர்றப்பல்லாம் வெட்டி எடுத்து வகுப்புல ஒட்டி வைப்பேன், அத்தன ஆசை எனக்கு அந்த மரத்து மேல. ஆனா எந்தச் செய்தியிலயும் ஒரு விஷயம் வரவே மாட்டேங்குது, அதான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போயிருச்சு, குறைச்சுப் போட்டாலும் பரவாயில்ல, போடாம மட்டும் விட்றாதீங்க.

போன மாசம் ஸ்கூல் விட்டு வர்ற வழியில ஒரு தோட்டத்துல மரம் அறுக்குற மெஷின் சத்தம், எட்டிப் பாத்தா 9 பனை படுத்துக் கெடக்கு, தலையெல்லாம் தனியா வெட்டிப் போட்டு முண்டத்த லாரியில ஏத்துறாங்க, சூளைக்குப் போகுதுன்னு சொன்னாங்க. தோட்டக்காரர் எனக்குப் பழக்கமானவருதான், அண்ணாச்சின்னு கூப்பிடுவேன், நல்ல மனுசன், எம் முகத்தப் பாத்துட்டு அவரே வந்து "டீச்சர் வருத்தப்படாதீய, ஒண்ணு கூட பருவப்பனை இல்ல, எல்லாம் அலகுதான், காய்க்காத மரத்த வச்சு என்ன செய்ய, பொண்ணு பனையில கை வைக்க மாட்டேன், அது பாவம்லா"ன்னு சொன்னாரு. அவரு பொய் சொல்லல, மனசாரத்தான் சொன்னாரு. அதுதான் எனக்கு ராத்திரி பூரா தூக்கம் வரவிடல. கெட்ட எண்ணத்துல வெட்டுறவன தடுக்க சட்டம் இருக்கு, நல்லது செய்றோம்னு நெனச்சு வெட்டுறவர என்ன சொல்லி தடுக்குறது?

டவுன்ல இருக்குற வாசகர்களுக்காக கொஞ்சம் முதல்ல இருந்து சொல்றேன். பனையில ஆண் மரம் தனி, பொண்ணு மரம் தனி. ஆண் பனைய எங்க பக்கம் அலகுப்பனைன்னு சொல்வோம், பொண்ணு பனைய பருவப்பனைன்னு சொல்வோம். ரெண்டும் தூரத்துல இருந்து பாத்தா ஒரே மாதிரிதான் இருக்கும், அதே ஒசரம், அதே ஓலை, அதே கருக்கு மட்டை, பாளை வர்ற நேரத்துல அண்ணாந்து பாத்தாத்தான் தெரியும். தென்னை இப்படி இல்ல. தென்னம்பாளைய விரிச்சுப் பாத்தீங்கன்னா ஒவ்வொரு கதிர்லயும் அடிப்பக்கம் குரும்பையா உருண்டையா இருக்குறது பொண்ணு பூ, அதுக்கு மேல நுனி வரைக்கும் பொடிப்பொடியா இருக்குறதெல்லாம் ஆண் பூ, ஒரே பாளைக்குள்ள குடும்பமே இருக்கு. பூசணி, சொரை, பாகல் எல்லாம் ஒரே கொடியில ரெண்டு பூவும் பூக்கும், வீட்ல பூசணி வச்சவங்களுக்குத் தெரியும், முதல்ல வர்ற பூவெல்லாம் கொட்டிப் போகும், அது ஆண் பூ, அடியில குட்டி பூசணி மாதிரி உருண்டையோட வர்றதுதான் பொண்ணு பூ. ஆனா பனை, பப்பாளில பல ரகம், கோவக்காய், ஜாதிக்கா, பேரீச்சை இதெல்லாம் செடிக்குச் செடி ஆண் பொண்ணு பிரிஞ்சு நிக்கிற சாதி. உலகத்துல பூக்குற செடிகள்ல நூத்துக்கு அஞ்சோ ஆறோதான் இப்படி, அந்தக் கொஞ்சத்துல ஒண்ணு நம்ம மாநில மரம்.

இங்க இன்னொரு குழப்பத்தையும் சொல்லிர்றேன், ஏன்னா பெரியவங்க இதக் கேட்டு என்னய மடக்குவாங்க. பழைய காலத்துல வெளிப்பக்கம் வைரம் பாஞ்ச மரத்த பெண்மரம்னும், உள்ளுக்குள்ள வைரம் பாஞ்ச மரத்த ஆண்மரம்னும் பிரிச்சாங்க. அந்தக் கணக்குல பாத்தா பனை, தென்னை எல்லாமே பெண்மரம்தான், ஏன்னா அதுகளுக்கு வைரம் வெளியிலதான், நடுவுல சோறு. அது கட்டை பாத்து தச்சு வேலைக்காக பிரிச்ச கணக்கு. நான் சொல்றது பூ பாத்து பிரிக்கிற கணக்கு. ரெண்டும் வேற, அதப் போட்டு இதுல குழப்பிக்க வேணாம்.

ஒவ்வொரு வருசமும் சீசன்ல எங்க ஊரு பனையேறி அண்ணன்கிட்ட சொல்லி ஒரு அலகும் (ஆண் பாளைக்கும் அலகுன்னுதான் பேரு) ஒரு பொண்ணு பாளையும் வெட்டிட்டு வரச்சொல்லி வகுப்புல பிள்ளைகளுக்குக் காட்டுவேன். அலகுங்கிறது பெரியவங்க கைவிரல் தடிமன்ல ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறையா நீளமா, பாம்பு உடம்பு மாதிரி செதில் செதிலா, ஒரு காம்புல ரெண்டு மூணா சேந்து தொங்கும். பிள்ளைக முதல்ல பாத்துட்டு "டீச்சர் இதுல பூவே இல்லையே"ன்னுதான் கேப்பாங்க. லென்ஸ கையில குடுத்து அந்தச் செதிலுக்கு அடியில பாக்கச் சொல்லுவேன், ஒவ்வொரு செதிலுக்கு அடியிலயும் ஒரு குழி, அந்தக் குழிக்குள்ள மொட்டுங்க ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா வரிசையில காத்துக் கெடக்கும், ஒரு பூ வெளிய வந்து மலந்து கொட்டினப்புறம் அடுத்த பூ வரும், மஞ்சளா, குத்தரிசி குருணை அளவுதான் இருக்கும். கறுப்புத் துணி மேல வச்சு லேசா தட்டினா மஞ்சப் பொடி உதிரும். அதான் மகரந்தம். அடுத்தால பொண்ணு பாளையக் காட்டுவேன், அதுல கிளை எல்லாம் கெடையாது, தடியான ஒரே காம்பு, அதுல சின்ன எலுமிச்சங்காய் மாதிரி பச்சையா உருண்டு உருண்டு ஒட்டிக்கிட்டு இருக்கும். ஒரு பொண்ணு பூ இருக்குற இடத்துல ஆண் பூவ வச்சா நூறாவது வைக்கலாம். ஆண் மரம் கோடிக்கணக்குல பொடிய காத்துலயும் தேனீ மேலயும் விட்டுட்டு ஓய்ஞ்சு போகும், பொண்ணு மரம் கொஞ்சமா பூத்து ஒவ்வொண்ணுக்கும் மாசக்கணக்குல சோறு போடணும். இந்த ஒரு வித்தியாசத்துல இருந்துதான் மத்த எல்லா வித்தியாசமும் வருது.

இப்ப அண்ணாச்சி சொன்ன "காய்க்காத மரம்" விஷயத்துக்கு வர்றேன்.

நுங்குன்னா என்னன்னு எல்லாருக்கும் தெரியும், பெருவிரல விட்டு நோண்டி உறிஞ்சாத பிள்ளை தமிழ்நாட்டுல உண்டா. ஆனா அது செடியில எந்தப் பகுதின்னு கேட்டா காலேஜ் படிச்சவங்களே முழிப்பாங்க. அது பழச்சதை இல்ல, விதைக்குள்ள வளரப் போற குருத்துக்காக மரம் கட்டிக் குடுக்குற சாப்பாடு, பாடப்புத்தகத்துல முளைசூழ்தசைன்னு போட்டுருப்பாங்க. தேங்காயில இளநீரும் வழுக்கையும் எப்படியோ அப்படி. ஒரு மகரந்தத் துகள் பொண்ணு பூவுல விழுந்து முளைச்சு உள்ள போச்சுன்னா அதுல ரெண்டு ஆண் அணு இருக்கும். ஒண்ணு கருமுட்டையோட சேந்து கருவா ஆகும். இன்னொண்ணு தாய்ப்பக்கத்து உட்கரு ரெண்டோட சேந்து மூணும் ஒண்ணாகி இந்த நுங்கு சதையா வளரும். அப்ப கணக்குப் போட்டுப் பாருங்க, நீங்க உறிஞ்சுற ஒவ்வொரு நுங்குலயும் ரெண்டு பங்கு தாய்ப் பனையோடது, ஒரு பங்கு அந்த அலகுப்பனையோடது. அந்த ஒரு பங்கு வந்து சேரலன்னா நுங்கே கட்டாது. ஒரு காய்க்கு மூணு கண்ணு, மூணு கண்ணுக்கும் தனித்தனியா பொடி போயாகணும், சில காயில ரெண்டு கண்ணுதான் இருக்கும், ஒத்தக் கண்ணும் இருக்கும், மத்தது சரியா கருப்பிடிக்காமலோ பாதியில கருகியோ போனது. நான் வகுப்புல இதச் சொன்ன அன்னைக்கு ஒரு பையன் எழுந்து "அப்ப நாம திங்கிறதுல அப்பா மரமும் இருக்கா டீச்சர்"னு கேட்டான், ஆமாடா ராசான்னு சொன்னேன். இதுக்கு மேல அந்த மரத்த எப்படிங்க காய்க்காத மரம்னு சொல்லுவீங்க? அது பக்கத்து மரத்துல காய்க்குது.

நுங்கு மட்டுமில்ல, பனம்பழம், அதக் குழியில போட்டு எடுக்குற கிழங்கு, கொட்டைய வெட்டினா உள்ள இருக்குற தவுன், நாளைக்கு குளத்தங்கரையில நடப் போற விதை எல்லாத்துக்கும் இதே கதைதான். நூறு விதை ஊன்றினோம், ஆயிரம் விதை ஊன்றினோம்னு போட்டோ எடுத்து அனுப்புறோம், அந்த விதைக்குப் பாதி சொந்தக்காரன சூளையில எரிச்சுட்டு.

அடுத்தது பதனி. பொண்ணு பனையிலதான் பதனி வரும்னு டவுன்ல பல பேரு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. இல்ல, ரெண்டுலயும் வரும். எங்கப்பா அருவாப்பெட்டியில ரெண்டு கடிப்பு இருக்கும், பாளைய நசுக்குற இடுக்கிதான் கடிப்பு. அலகு நசுக்கிறதுக்கு ஒண்ணு, பொண்ணு பாளை நசுக்கிறதுக்கு ஒண்ணு. அலகுன்னா அத்தனையும் சேத்துப் பிடிச்சு பதமா இடுக்கி இடுக்கி விடணும், பூ விரிஞ்சிரக் கூடாது, பொண்ணு பாளைன்னா காய்க்கும் காய்க்கும் நடுவுல பாத்து நசுக்கணும், கை தப்பினா பாளை அழுகிப் போகும், அப்பா கடிப்பு போடுறப்ப பேசவே மாட்டாங்க, மூச்சு விடுற சத்தம் கீழ நிக்கிற எனக்குக் கேக்கும். நசுக்கி கட்டி நுனிய சீவிச் சீவி பழக்கினப்புறம்தான் சொட்டு விழ ஆரம்பிக்கும், சுண்ணாம்பு தடவின கலயத்தக் கட்டணும், காலையிலயும் சாயந்தரமும் ஏறி தினமும் காகித கனத்துக்கு சீவணும், ஒரு நாள் விட்டா அடைச்சுக்கும். பருவப்பனை கொஞ்சம் கூடுதலா சுரக்கும்னு ஏறுறவங்க எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா அதுல ஒரு சிக்கல் இருக்கு, பொண்ணு பாளைய சீவிட்டா அதுல நுங்கு கெடையாது, பதனியா நுங்கா ரெண்டுல ஒண்ணுதான். ஆண் பனையில அந்தக் கவலையே இல்லாம சீவலாம். அதனால எங்க வீட்டு அடுப்புல வெந்த பதனி பாதிக்கு மேல அலகுப் பதனிதான், நான் படிச்சது அந்தக் கருப்பட்டி வித்த காசுல. சிரட்டையில ஊத்தி எடுத்த கருப்பட்டியில இது ஆண், இது பொண்ணுன்னு எவனும் பிரிச்சு வெலை வச்சதில்ல.

அப்பா ஒரு பழக்கம் வச்சுருந்தாங்க. கிணத்தடியில ரெண்டு அலகுப்பனை நல்லா சுரக்குற மரம், அந்த ரெண்ட மட்டும் சீவவே மாட்டாங்க. சின்னப் பிள்ளையில ஏன்பான்னு கேட்டதுக்கு "எல்லா அலகையும் நானே சீவிட்டா நுங்கு எங்கிருந்துளா வரும்"னு சொன்னாங்க. அப்பா அஞ்சாங்கிளாஸ் தாண்டல. ஆண் பாளைய சீவினா பொடி வராதுன்னு அவுகளுக்குத் தெரிஞ்சுருக்கு, எத்தன மரத்துக்கு எத்தன விடணும்னு ஒரு கணக்கும் மனசுல இருந்துருக்கு. பனையேத்தம் விட்டுப்போனதோட இந்தக் கணக்கும் ஊர விட்டுப் போயிருச்சு, மரம் யாரு பேர்ல இருக்குன்னு தெரிஞ்சவங்க இருக்காங்க, மரம் ஆணா பொண்ணான்னு ஏன் ரெண்டும் வேணும்னு தெரிஞ்சவங்க கொறஞ்சுட்டாங்க.

இப்ப ஒரு புது வியாபாரம் வந்துருக்கு. "பெண் பனங்கன்று, 100 சதவீதம் காய்க்கும்"னு போன்ல விளம்பரம் வருது. எந்தக் கடைன்னு நான் சொல்ல வரல. ஆனா ஒண்ணு அடிச்சுச் சொல்றேன், பனங்கன்னப் பாத்து ஆணா பொண்ணான்னு கண்ணால சொல்லவே முடியாது. அது வடலியா நின்னு, கழுத்துத் தூக்கி, முதல் பாளை விடுறதுக்கு 12 வருசம், 15 வருசம், மானாவாரி நெலத்துல அதுக்கு மேலயும் ஆகும். அதுவரைக்கும் ஓலையிலயோ மட்டையிலயோ ஒரு அடையாளமும் கெடையாது. கொட்டை உருண்டையா இருந்தா பொண்ணு, கூரா இருந்தா ஆணுன்னு ஆளுக்கு ஒரு கணக்கு சொல்லுவாங்க, ஒண்ணும் நிக்காது. கோவக்கொடின்னா தாய்க்கொடியில கொம்பு வெட்டி வச்சா பொண்ணு கொம்பு பொண்ணாத்தான் வரும், பேரீச்சையில அடியில வர்ற பக்கக் கன்ன பிரிச்சு வைக்கலாம், ஜாதிக்காயில ஒட்டுக் கட்டலாம். பனைக்குக் கொம்பும் கெடையாது, பக்கக் கன்னும் கெடையாது, விதை ஒண்ணுதான் வழி, விதைன்னு வந்துட்டா ஏறக்குறைய பாதிக்குப் பாதி. உத்தரவாதம்னு காசு வாங்குறவன் 15 வருசம் கழிச்சு எங்க இருப்பான்?

இது இன்னைக்கு நேத்து ஆசையும் இல்ல. செய்யாறு பக்கம் திருவோத்தூர் கோயில் கதை கேள்விப்பட்டுருப்பீங்க. சிவனடியார் ஒருத்தர் கோயிலுக்குன்னு பனை நட்டு வளத்தாரு, அத்தனையும் ஆண் பனையா வந்துருச்சு, மத்தவங்க கேலி பேசினாங்க, மனசு நொந்து போய் ஞானசம்பந்தர்கிட்ட சொல்ல, அவரு பதிகம் பாடினதும் எல்லாம் குலை ஈன்ற பொண்ணு பனையாச்சுன்னு தலவரலாறு சொல்லுது. சம்பந்தர் காலம் ஏழாம் நூற்றாண்டு. எனக்கு அந்தக் கதையில மனசு நிக்கிறது அந்த அடியார்கிட்டதான். தண்ணி ஊத்தி, ஆடு மாடு கடிக்காம காத்து, பன்னெண்டு பதினஞ்சு வருசம் பொறுத்துருந்து, பாளை வெடிச்ச அன்னைக்குத்தான் அவருக்கே தெரிஞ்சுருக்கும். அன்னைக்கும் ஆண் பனைக்காரன் கேலிப் பேச்சு கேட்டுருக்கான்.

பப்பாளியில எனக்கே ஒரு அனுபவம். வீட்டுக்குப் பின்னாடி பழத்துல எடுத்த விதைய போட்டு 6 கன்னு வந்தது, அஞ்சு மாசத்துல பூத்தது, மூணுல நீளமா சரம் சரமா பூ தொங்குச்சு, ரெண்டுல தண்டோட ஒட்டி தடிப்பூ. எங்க சின்னம்மா நான் ஸ்கூல் போயிருந்த நேரம் சரம் தொங்கினது மூணையும் ஆண் பப்பாளி தண்டம்னு வெட்டி ஆட்டுக்குப் போட்டுட்டாங்க. அந்த வருசம் பொண்ணு செடியில பூவும் பிஞ்சுமா உதிந்துக்கிட்டே இருந்துச்சு, சுத்துவட்டாரத்துல வேற பப்பாளி கெடையாது. சின்னம்மாவ நான் குத்தம் சொல்லல, நானே சொல்லி வச்சுருக்கணும். ஆண் பொண்ணு பிரிஞ்ச கோ-2 மாதிரி ரகம்னா 15, 20 பொண்ணு செடிக்கு ஒரு ஆண் செடி நிக்கணும்னு வேளாண் பல்கலைக்கழகமே சொல்லுது, அதனாலதான் ஒரு குழிக்கு ரெண்டு மூணு கன்னு வச்சு, பூ பாத்தப்புறம் தேவைக்கு மேல இருக்குற ஆண மட்டும் எடுக்கச் சொல்றாங்க. இப்ப கடையில விக்கிற ரெட் லேடி வேற மாதிரி, அதுல பொண்ணு செடியும் இருபால் பூ செடியும்தான் வரும், தனியா ஆண் வேணாம். ரகம் தெரியாம வெட்டுறதும் தப்பு, ரகம் தெரியாம எல்லாத்தையும் வச்சுருக்கிறதும் தப்பு. ஆனா பப்பாளிக்கு அஞ்சு மாசத்துல இன்னொரு கன்னு பூக்கும். பனைக்கு?

வெளிநாட்டுக் கதை ரெண்டு சொல்லியாகணும், என் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிச்ச கதைங்க. இஸ்ரேல்ல மசாடான்னு ஒரு பழைய கோட்டை, அங்க தோண்டினப்ப கெடச்ச சுமார் 2,000 வருசத்து பேரீச்சங்கொட்டைய 2005-ல முளைக்கப் போட்டாங்க, முளைச்சுருச்சு. உலகமே கொண்டாடுச்சு, மெத்தூசலான்னு பேரு வச்சாங்க. 2011-ல பூத்துச்சு, பாத்தா ஆண். பழம் கெடைக்காதுன்னு யாரும் வெட்டிப் போடல. காத்திருந்தாங்க, அதே மாதிரி பழைய கொட்டைகள்ல இருந்து வேற கன்னுங்களையும் வளத்தாங்க, அதுல ஹன்னான்னு ஒண்ணு பொண்ணா வந்துச்சு, மெத்தூசலாவோட பொடிய எடுத்து ஹன்னா பாளையில தடவினாங்க, 2020-ல பழம் பறிச்சாங்க. ரெண்டாயிரம் வருசம் கழிச்சு அந்தப் பழம் கெடைக்க அந்தக் காய்க்காத மரம்தான் காரணம்.

இன்னொண்ணு அழுகை வர்ற கதை. வீட்டு வாசல்ல அழகுக்கு வைக்கிற சைக்கஸ் செடி பாத்துருப்பீங்க, பாக்க குட்டைப் பனை மாதிரி இருக்கும், அதோட தூரத்துச் சொந்தம் ஒண்ணு தென்னாப்பிரிக்காவுல ங்கோயே காட்டுல 1895-ல கண்டுபிடிச்சாங்க. ஒரே ஒரு தூர். ஆண். அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் அதுக்குப் பொண்ணு தேடிக்கிட்டு இருக்காங்க, கெடைக்கவே இல்ல. லண்டன் கியூ தோட்டத்துலயும் மத்த தோட்டங்கள்லயும் இருக்குறது எல்லாம் அந்த ஒரே ஆணோட பக்கக் கன்னுங்கதான். செடி சாகல, நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒரு விதை கூட சொந்தமா விட முடியாம நிக்குது. சைக்கஸுக்காவது பக்கக் கன்னு விடுற வழி இருக்கு. நம்ம பனைக்கு அதுவும் இல்ல. ஆண் இல்லாம பொண்ணு பனை மட்டும் நிக்கிற ஊர்ல அந்தத் தலைமுறையோட கதை முடிஞ்சுது.

பொண்ணு மரத்தோட கஷ்டத்தையும் சொல்லாம விட்டா அது நியாயமா இருக்காது. இப்படி ஆண் பொண்ணு பிரிஞ்ச பல சாதி மரங்கள்ல பொண்ணு மரம் மெதுவா வளரும், ஒரு வருசம் நெறைய காய்ச்சா அடுத்த வருசம் பூ கொறையும், வறண்ட எடத்துல ஆணைவிட திணறும், ஏன்னா தண்ணியும் சத்தும் காய்க்குப் போயிருது. ஆண் மரம் சீக்கிரம் பூக்க ஆரம்பிக்கும், அடிக்கடி பூக்கும். எங்க தேரிக்காட்டு செம்மண்ணுல மழை பொய்ச்ச வருசம் பருவப்பனை காய் சிறுத்துப் போறத நான் கண்ணால பாத்துருக்கேன், பக்கத்துலயே அலகுப்பனை ஒண்ணுமே நடக்காத மாதிரி அலகு விட்டுக்கிட்டு நிக்கும். ரெண்டும் ரெண்டு விதமா உழைக்குது, ஒண்ணோட உழைப்பு கண்ணுக்குத் தெரியுது, இன்னொண்ணோடது காத்துல போறதால தெரியல, அவ்வளவுதான். கட்டைய எடுத்துக்கிட்டாலும் கூரைக்குப் போடுற கைமரத்துக்கு பருவப்பனைதான் ஒசத்தின்னு அப்பா சொல்லுவாங்க, அதனால முன்னாடி வீடு கட்ட பொண்ணு பனைய வெட்டினாங்க, இப்ப சூளைக்கு ஆண் பனைய வெட்டுறாங்க.

2021-ல வேளாண் பட்ஜெட்ல 76 லட்சம் பனை விதை தர்றோம்னும் பனைய வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னும் அறிவிச்சப்ப நான் வகுப்புல மிட்டாய் வாங்கிக் குடுத்தேன். ஆனா ஊருக்குள்ள "காய்க்காத மரத்துக்கு எதுக்கு அனுமதி"ன்னு ஒரு பேச்சு ஓடுது, அண்ணாச்சியும் அதத்தான் சொன்னாரு. ஆண் மரம், காய்ப்பு இல்லன்னு ஒரு காரணத்த மனுல எழுதினா அத ஒரு காரணமா எடுத்துக்கவே கூடாதுன்னு அதிகாரிங்க வெளிப்படையா சொல்லணும். விதை ஊன்றுற அமைப்புங்க, ஊராட்சிங்க எல்லாரும் குளத்தங்கரையில கணக்கெடுக்கிறப்ப மொத்தம் எத்தனன்னு மட்டும் எழுதாம, பாளை விட்ட மரம்னா எத்தன அலகு, எத்தன பருவம்னு ரெண்டு கட்டம் போட்டு எழுதுங்க, பாளை விடாததுக்கு வடலின்னு மூணாவது கட்டம். மாசியில இருந்து வைகாசிக்குள்ள ஒரு தடவ கரையில நடந்தா போதும், எட்டாங்கிளாஸ் பிள்ளைகளே எழுதிருவாங்க, எங்க பிள்ளைக எழுதியிருக்காங்க. எங்க ஊரு குளத்தங்கரையில பாளை விட்டது 64, அதுல அலகு 23. அந்த 23-ல எத்தன அடுத்த வருசம் நிக்கும்னு எனக்குப் பயமா இருக்கு.

உங்க பேப்பர்கிட்ட நான் கேக்குறது ஒண்ணுதான். அடுத்த சீசன்ல நுங்கு வண்டி போட்டோ போடுவீங்கல்ல, அதுக்குப் பக்கத்துல ஒரு அலகு போட்டோவும் போட்டு அது என்னன்னு நாலு வரி எழுதுங்க. எங்க அண்ணாச்சி தினமும் காலையில டீக்கடையில உங்க பேப்பர்தான் படிக்காரு, நான் சொன்னா டீச்சர் பேச்சுன்னு விட்டுருவாரு, அச்சுல வந்தா நம்புவாரு. அவரு தோட்டத்து மேற்கு வரப்புல இன்னும் 4 அலகுப்பனை நிக்குது.

இப்படிக்கு,
ஒரு பனையேறி மகள்,
சாத்தான்குளம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.